இரண்டாவது ஆல்பம் ஏன் சறுக்குகிறது? இண்டி ராக் விமர்சன மதிப்பெண்களின் கணக்கு

முதல் ஆல்பத்திலேயே பேர் வாங்கிய ஓர் இண்டி ராக் குழு இரண்டாவது ஆல்பத்தை வெளியிடுகிறது. அன்றைக்கே ஒரு தளம் பத்துக்கு 7.9 போடுகிறது. ஒரு பத்திரிகை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி காட்டும் தளத்தில் 72 என்ற எண் பச்சைக் கட்டத்துக்குள் நிற்கிறது. விமர்சனங்களைத் திறந்தால் ஒருவர் முதல் ஆல்பத்தையே மறுபடி சுட்டெடுத்திருக்கிறார்கள் என்கிறார்; இன்னொருவர் முதல் ஆல்பத்தில் இருந்த குழுவையே காணோம் என்கிறார். இரண்டு பேரும் கேட்டது ஒரே பதினோரு பாட்டுகளைத்தான்.

இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ரசனை இல்லை. பாட்டுகள் உருவாகும் விதம், ஒப்பந்தத்தின் அழுத்தம், மதிப்பெண் போடும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்து இரண்டாவது ஆல்பத்தைக் கீழே இழுக்கின்றன. மூன்றாவதுதான் அதிகம் இழுக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

இண்டி எது, இரண்டாவது எது

இண்டி என்பது முதலில் வியாபார ஏற்பாட்டைக் குறித்த சொல். பெரிய நிறுவனங்களின் விநியோக வலைக்கு வெளியே சின்ன லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) தாமே விற்ற இசைத்தட்டுகளுக்கு, பிரிட்டனில் 1980 ஜனவரியில் தனித் தரவரிசைப் பட்டியலே வந்தது. போகப்போக அது ஒருவகை ஒலியின் பெயராகிவிட்டது: இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், மெருகு குறைந்த பதிவு, அலட்டிக்கொள்ளாத குரல். அதனால்தான் ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனத்தில் இருந்த த ஸ்ட்ரோக்ஸ் குழுவையும் டொமினோ என்ற சுயாதீன லேபிளில் இருந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவையும் ஒரே பெட்டியில் போட்டுப் பேசுகிறோம். ஒலியைப் பற்றிப் பேசும்போது இதனால் பாதகமில்லை. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு வழக்கம் உண்டு. நான்கைந்து பாட்டு கொண்ட ஈபியும் மினி ஆல்பமும் கணக்கில் சேராது. பிக்ஸீஸ் குழு 1987ல் ஒரு மினி ஆல்பம் வெளியிட்டிருந்தாலும், 1988ல் வந்த சர்ஃபர் ரோசாதான் முதல் ஆல்பம், 1989ல் வந்த டூலிட்டில் இரண்டாவது.

பாட்டுக் கையிருப்பு

முதல் ஆல்பத்துக்கு ஒரு குழு கொண்டுவரும் பாட்டுகள் நாலைந்து வருடச் சேமிப்பு. நாற்பது பாட்டு எழுதியிருப்பார்கள். அதில் இருபத்தைந்தைச் சின்னச் சின்ன மேடைகளில் வாசித்திருப்பார்கள். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் முன்னால் நகர்கிறது, எந்தப் பாட்டு தொடங்கினால் பானம் வாங்கப் போகிறது என்று கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ஆல்பத்துக்குள் நுழையும் பதினொன்றும் இந்தச் சல்லடையில் தப்பியவை.

ஆல்பம் ஓடினால் அடுத்த ஒன்றரை வருடம் சாலையில் கழிகிறது. ஓய்வு நாள் கிடைத்தால் அன்றைக்குப் பேட்டி. இசைநிகழ்ச்சிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையில் கிடைக்கும் இருபது நிமிடத்தில் யாராவது ஒரு புது ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வாசிப்பார். அதைக் கைபேசியில் பதிவு செய்து வைப்பார்கள். பயணம் முடியும்போது கையில் இருப்பவை முப்பது துண்டு ரிஃப்கள், நாலு முழுப் பாட்டு. லேபிளோ முதல் ஆல்பம் வந்து இரண்டு வருடத்துக்குள் அடுத்தது வேண்டும் என்கிறது. ஆகவே பதினாலு எழுதிப் பதினொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பதில் பதினொன்று எங்கே, பதினாலில் பதினொன்று எங்கே! எழுதும் திறமை துளியும் குறையாவிட்டாலும், வடிகட்டல் தளர்ந்தாலே ஆல்பத்தின் பின்பாதி தொய்யும். விமர்சனங்களில் அடிக்கடி வரும் 'பின்பாதி சோர்வு' என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

பாடுபொருளும் மாறிவிடும். ஊர், நண்பர்கள், சம்பளம் போதாத வேலை என்று எழுதியவருக்கு இப்போது தெரிந்த உலகம் ஓட்டல் அறையும் விமான நிலையமும். அதை நேர்மையாக எழுதினால் 'பிரபலமானதன் புலம்பல்' என்கிறார்கள். பழைய ஊரையே எழுதினால் பாசாங்கு என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் தப்பித்தவர்கள் குறைவு.

ஸ்டூடியோவில் என்ன கெடுகிறது

முதல் ஆல்பம் பலருக்கும் அவசரமாகவும் மலிவாகவும் முடிந்த வேலை. நிர்வாணா குழுவின் முதல் ஆல்பமான ப்ளீச்சுக்கு (1989) பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். குழுவில் எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்து, நல்ல டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவை) தேர்ந்து, குரலை மேலே வைத்து முடித்துவிடுவார்கள். இரண்டாவதுக்குப் பணமும் நாட்களும் கூடுகின்றன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

1. டெமோ மோகம். வீட்டில் மலிவு மைக்கில் பதிவு செய்த டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, மூன்று மாதம் கேட்டுக் காது பழகிவிடுகிறது. ஸ்டூடியோவில் அதே பாட்டைச் சுத்தமாகப் பதிவு செய்தால் எதுவோ குறைகிறது. குறைவது பெரும்பாலும் வேகத்தில் இருந்த சின்னத் தடுமாற்றமும், குரல் மைக்கில் லேசாகக் கரகரத்ததும்தான். அனுபவமுள்ள தயாரிப்பாளர் டெமோவின் குரலையோ ஒரு கிட்டார் தடத்தையோ அப்படியே எடுத்துப் புதுப் பதிவுக்குள் வைத்துவிடுவார். அனுபவமில்லாதவர் நாற்பதாவது டேக் கேட்பார்.

2. கிளிக். காதில் ஓடும் தாளச் சத்தத்துக்கு டிரம்மர் வாசித்தால், பிறகு வெட்டி ஒட்டுவது எளிது. ஆனால் மேடையில் கோரஸ் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) வரும்போது குழு தானாகவே நிமிடத்துக்கு இரண்டு மூன்று பீட் வேகமெடுத்திருக்கும். அந்தப் பாய்ச்சல்தான் கோரஸைத் தூக்கி நிறுத்தியது. ஒரே வேகக் கிளிக்கில் அது செத்துப்போகிறது. கோரஸ் பகுதிக்கு மட்டும் கிளிக்கை ஒன்றிரண்டு பீட் கூட்டி வைப்பது இதற்கு வழி. பலருக்கு இது தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கின்போதுதான் உறைக்கும். அப்போது நேரம் கடந்திருக்கும்.

3. அடுக்குகள். நேரம் இருக்கிறது என்பதற்காகவே கிட்டார் இரண்டு தடம் ஆறாகும். மேலே கீபோர்டு, தந்தி வாத்தியம், பின்னணிக் குரல். இவை எல்லாமே 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வந்து குவிகின்றன. ஒலி கலங்குகிறது, குரல் உள்ளே போகிறது, பேஸின் சுருதி தெளிவில்லாமல் போகிறது. 'மெருகு அதிகம்' என்று விமர்சகர் எழுதும்போது அவர் காதில் விழுந்தது பெரும்பாலும் இந்தக் கலங்கல்தான், மெருகு அல்ல. ஒவ்வொரு தடத்தையும் நிறுத்திப் பார்த்து, இல்லாதது தெரியாவிட்டால் நீக்கிவிட வேண்டும். கேட்க எளிது, ஆனால் அந்தத் தடத்தை வாசித்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

4. வரிசை. வினைல் பதிப்பில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். உள்வட்டத்தை நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் சிதையும். ஆகவே இரைச்சலான பாட்டுகள் வெளிவட்டத்துக்கும், மெதுவான பாட்டுகள் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக்கும் போகின்றன. அதே வரிசையை ஸ்ட்ரீமிங்கில் இடைவெளியின்றிக் கேட்பவருக்கு ஐந்தாம் ஆறாம் பாட்டில் ஆல்பம் தூங்குவதுபோல் தெரியும். தட்டைத் திருப்பும் இடம் அது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒப்பந்தம் செய்யும் வேலை

லேபிள் கொடுக்கும் முன்பணம் சம்பளம் அல்ல, குழுவின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் தொகை. ராயல்டி 18 சதவீதம், முன்பணமும் பதிவுச் செலவும் சேர்த்து 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். அந்த 100ஐ 18 சதவீதத்திலிருந்துதான் அடைக்க வேண்டும் என்பதால், ஆல்பம் ஏறத்தாழ 556 அலகு வருமானம் ஈட்டிய பிறகே குழுவின் கைக்கு முதல் காசு வரும். முதல் ஆல்பத்தில் அடையாத பாக்கியை இரண்டாவதன் கணக்கில் ஏற்றும் விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. செலவு போக மிஞ்சுவதைப் பாதிப்பாதியாகப் பிரிக்கும் முறை சுயாதீன லேபிள்களில் பரவலானது. அங்கே குழு கொஞ்சம் சீக்கிரமே கரையேறுகிறது.

முக்கியமான விதி விருப்புரிமை. அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை லேபிளிடம் இருக்கும், குழுவிடம் இருக்காது. இரண்டாவது ஆல்பம் விற்காவிட்டால் மூன்றாவதுக்கு அழைப்பு வராது. அதனால்தான் ஸ்டூடியோவுக்குள் லேபிள் ஆட்கள் வந்துபோவது முதல் ஆல்பத்தில் இருந்ததைவிட அதிகமாகிறது, 'சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) எது?' என்ற கேள்வியும் அப்போதுதான் எழுகிறது.

ஒப்பந்தத் தகராறு ஒரு குழுவின் இரண்டாவது ஆல்பத்தை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு பிரிட்டனின் ஸ்டோன் ரோஸஸ் குழுவின் கதையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. முதல் ஆல்பம் 1989ல் வந்தது. சில்வர்டோன் லேபிளோடு வழக்கு. புதிதாக எதையும் வெளியிட முடியாத தடை. 1991ல் நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. கெஃபன் நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டாவது ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வந்தது. இந்த ஐந்தரை வருடத்தில் பிரிட்டிஷ் கிட்டார் இசையின் முகமே மாறியிருந்தது. அதே 1994ல் ப்ளர் குழுவின் மூன்றாவது ஆல்பமும் ஒயாசிஸ் குழுவின் முதல் ஆல்பமும் வந்து, ஸ்டோன் ரோஸஸ் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டன. கனமான ப்ளூஸ் ராக் கிட்டாரோடு வந்த ஆல்பத்தை விமர்சகர்கள் ஐந்தரை வருட எதிர்பார்ப்போடு ஒப்பிட்டார்கள். அப்படியொரு ஒப்பீட்டில் எந்த ஆல்பம் ஜெயித்திருக்கும் என்று சொல்வது கடினம்.

மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது

ஆல்பம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் விமர்சகருக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு வரும். எந்த நாளுக்கு முன் எழுதக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். அவர் ஐந்து முதல் பத்து முறை கேட்பார். அதற்குள் கட்டுரை கொடுக்க வேண்டும். எண்ணை அவரே முடிவு செய்யும் இடங்களும் உண்டு. அவர் சொன்ன எண்ணை ஆசிரியர் குழு பேசி மாற்றும் இடங்களும் உண்டு.

அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் 0.0 முதல் 10.0 வரை போடுகிறது. அதாவது 101 படிகள். நட்சத்திரம் போடும் பத்திரிகைக்கு ஐந்து படி, அரை நட்சத்திரம் சேர்த்தால் பத்து. ஏ, பி, சி என்று தரம் போடுபவர்கள் தனி. 2001ல் தொடங்கிய மெட்டாகிரிடிக் தளம் இவை எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றுகிறது. குறைந்தது நாலு விமர்சனம் சேர்ந்தால் ஓர் எண் வரும். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. எண்ணே போடாத விமர்சனங்களுக்குத் தளத்தின் ஊழியர்களே படித்துப் பார்த்து ஓர் எண் கொடுக்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் நடக்கும் விநோதங்களைப் பாருங்கள்.

1. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் எழுதியவரின் மனதில் 'பரவாயில்லை, நல்ல ஆல்பம்'. நூற்றுக்கு மாற்றினால் 60. மெட்டாகிரிடிக்கில் 40 முதல் 60 வரை 'கலவையான வரவேற்பு', மஞ்சள் நிறம். பத்துக்கு 6.1 என்று எழுதியவர் உண்மையில் உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். ஆனால் அது 61, 'பொதுவாகச் சாதகம்', பச்சை.

2. பி மைனஸ் தரம் 67 ஆகிறது, சி பிளஸ் 58 ஆகிறது. கல்விச்சாலைத் தரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். நிறத்தில் வேறு வேறு உலகம்.

3. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒரே ஆள் முடிவை மாற்றிவிடுவார். நாலு விமர்சனங்கள் 90, 80, 80, 80 என்றால் சராசரி 82.5. ஐந்தாமவர் மூன்று நட்சத்திரம் போட்டால் 78. எடைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 81ல் தொடங்கும் 'ஏகோபித்த பாராட்டு' வரிசையிலிருந்து ஆல்பம் இறங்கிவிட்டது.

நான்காவதாக ஒன்று உண்டு. அது இரண்டாவது ஆல்பத்துக்கென்றே உள்ள சிக்கல். பெயர் தெரியாத குழுவின் முதல் ஆல்பத்தை யார் விமர்சிப்பார்கள்? அது பிடித்தவர்கள்தான். ஆசிரியரிடம் போய் 'இதை நான் எழுதுகிறேன்' என்று கேட்டு வாங்கியவர்கள். பிடிக்காதவர்கள் அதைச் சீண்டியிருக்கவே மாட்டார்கள். குழு பிரபலமானதும் எல்லாப் பத்திரிகைகளும் இரண்டாவது ஆல்பத்தை எழுதியே ஆக வேண்டும். அந்த வகை இசையே ஒத்துவராதவரின் மேசைக்கும் அது வரும். எட்டு ஆதரவாளர்களின் சராசரியை, முப்பது பலதரப்பட்டவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுவிட்டு, குழு சறுக்கிவிட்டது என்கிறோம். மாறியது குழுவா, நடுவர் குழுவா?

சராசரிக்குத் திரும்புதல்

புள்ளியியலில் பழைய விஷயம் இது. எந்தச் சாதனையிலும் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். மிக உயர்ந்த ஒன்றைப் பொறுக்கியெடுத்தால், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அடுத்த முறை திறமை அப்படியே இருக்கும், அதிர்ஷ்டம் சாதாரண அளவுக்கு வரும், ஆக மொத்தம் கொஞ்சம் இறங்கும். பரீட்சையில் முதல் மாதம் வகுப்பிலேயே முதலாக வந்த மாணவர் அடுத்த மாதம் மூன்றாவதாக வருவதற்குச் சோம்பல் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆல்பம் என்று நாம் கவனிப்பது யாருடையதை? முதல் ஆல்பம் அசாதாரணமாக ஓடியவர்களுடையதை மட்டும். அதாவது உச்சியில் நின்றவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்று கேட்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஆல்பம் சுமாராகப் போனவர்களைப் பார்க்க வேண்டும். சறுக்கல் என்பது இரண்டாவது ஆல்பத்தின் இயல்பே என்றால் அவர்களும் சறுக்கியிருக்க வேண்டும். ரேடியோஹெட்டின் முதல் ஆல்பம் 1993ல் ஒரே ஒரு ஹிட்டோடு நின்றது. 1995ல் வந்த இரண்டாவது அவர்களை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. ப்ளர் குழுவுக்கு 1991க்கும் 1993க்கும் இடையில் விமர்சன மதிப்பு ஏறியது. நிர்வாணாவின் இரண்டாவது ஆல்பம் 1991ல் வந்த நெவர்மைண்ட். உலகப் புகழ்பெற்ற அந்த ஆல்பத்துக்கு மேலே விளக்கம் தேவையில்லை. நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் 1996 முதல் ஆல்பத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம். 1998ல் வந்த இரண்டாவதை இண்டி ராக்கின் மூலத்தூண்களில் ஒன்றாக வைக்கிறார்கள். இவர்கள் யாரையும் இரண்டாம் ஆல்பப் பேச்சில் இழுப்பதே இல்லை. சறுக்காதவர்கள் கணக்கில் வருவதில்லை.

எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது என்பதும் உண்மை. சில குழுக்கள் தாமாகவே குழிக்குள் இறங்கின. கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யே குழு 2005ல் லேபிள் இல்லாமல் சொந்தமாக வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் 9.0 கொடுத்தது, இணைய வாய்மொழியிலேயே வளர்ந்த குழு அது. 2007ல் டேவ் ஃப்ரிட்மன் தயாரிப்பில் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டையே வேண்டுமென்று ஒலிபெருக்கி கிழிந்ததுபோல் சிதைத்து வைத்தார்கள். கேட்பவர் பலரும் கோப்பில் பிழை என்றே நினைத்திருப்பார்கள். முதல் மூன்று நிமிடத்தில் கேட்பவரைத் துரத்துவது துணிச்சலாக இருக்கலாம். மதிப்பெண்ணுக்கு நல்லதல்ல.

இரண்டு வகைப் புகார்கள்

விமர்சனங்களை வகைப்படுத்தினால் இரண்டு பெட்டிதான் தேவைப்படும்.

*அதையே மறுபடி செய்கிறார்கள்.* த ஸ்ட்ரோக்ஸ் 2001ல் முதல் ஆல்பம் வெளியிட்டார்கள். 2003ல் இரண்டாவதுக்கு ரேடியோஹெட்டின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சோடு பதிவைத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, முதல் ஆல்பத்தைச் செய்த கார்டன் ரஃபேலிடமே திரும்பினார்கள். விளைவு ரூம் ஆன் ஃபயர்: ஏறத்தாழ 33 நிமிடம், அதே இறுக்கமான கிட்டார், அதே கரகரத்த குரல். தனியாக எடுத்துக் கேட்டால் முதலாவதுக்கு அதிகம் தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. கிட்டார் வேலைப்பாட்டில் ஒருபடி மேல் என்றும் வாதிடலாம். ஆனால் முதல் ஆல்பம் கொடுத்தது புதுமையின் அதிர்ச்சி. அதை இரண்டாம் தடவை கொடுக்க யாராலும் முடியாது.

*வேறு யாரோ ஆகிவிட்டார்கள்.* எம்ஜிஎம்டி குழுவின் முதல் ஆல்பத்தில் நடனத் தளங்களைப் பிடித்த சின்தசைஸர் ஹிட்கள் இருந்தன. 2010ல் வந்த கங்கிராஜுலேஷன்ஸில் அப்படி ஒன்றுகூட இல்லை. 12 நிமிட நீளத்தில் ஒரு பாட்டு இருந்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வேறு ஒரு குழுவின் பெயரில் அதே ஆல்பம் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண் வேறு. புதுமுகத்துக்கு 'ஹிட் எங்கே?' என்ற கேள்வி எழாது.

நடுவழி இல்லாமல் இல்லை. ஆர்க்டிக் மங்கீஸின் முதல் ஆல்பம் 2006 ஜனவரியில் முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,63,735 பிரதிகள் விற்றது; முதல் ஆல்பங்களில் அதுவரை இல்லாத வேகம். இரண்டாவது ஆல்பம் பதினைந்தே மாதத்தில், 2007 ஏப்ரலில் வந்துவிட்டது. இடையில் பேஸ் வாசித்தவர் மாறினார், தயாரிப்பாளர்கள் மாறினார்கள், டிரம்ஸ் முன்னைவிடக் கனமாகி வேகமெடுத்தது. வரிகளின் கிண்டல் மட்டும் அப்படியே இருந்தது. முதல் வார விற்பனை சுமார் 2,28,000க்கு இறங்கினாலும் விமர்சன மதிப்பு நின்றது, பிரிட்டனின் மெர்குரி இசை விருதுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. அடையாளம் காணத்தக்க ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றியதும், எதிர்பார்ப்பு பழுக்கும் முன்பே வந்துவிட்டதும் சேர்ந்து வேலை செய்தன. இந்த இரண்டு காரணங்களில் சீக்கிரம் வந்ததற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பல வருடம் கழித்து எண் மாறுவது

வீசர் குழு பெரிய நிறுவனத்தில் இருந்ததால் கண்டிப்பான பொருளில் இண்டி அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் அவர்களின் இரண்டாவது ஆல்பமான பிங்கர்ட்டனை (1996 செப்டம்பர்) விட முடியாது. மெருகான முதல் ஆல்பத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் தாமே பதிவு செய்த, கரடுமுரடான, சங்கடப்படுத்தும் அளவுக்கு அந்தரங்கமான ஆல்பம். அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோனின் வாசகர்கள் அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002ல் அதே பத்திரிகையின் வாசகர்கள் எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் அதை 16வது இடத்தில் வைத்தார்கள். 2004ல் பத்திரிகையே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

ஆல்பத்தில் ஒரு சுருதிகூட மாறவில்லை. ஒப்பிடும் பொருள்தான் மாறியது. 1996ல் அது முதல் ஆல்பத்தோடு ஒப்பிடப்பட்டது. 2000க்குப் பிறகு வந்த, அந்தரங்க உணர்ச்சியைக் கொட்டும் ஈமோ வகை ராக் குழுக்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த இசையின் முன்னோடியாகக் கேட்டபோது அதே கரடுமுரடு குணமாகிவிட்டது. நியூட்ரல் மில்க் ஹோட்டலின் இரண்டாவது ஆல்பத்துக்கு 1998ல் 8.7 போட்ட பிட்ச்ஃபோர்க், 2005 மறுபதிப்புக்கு 10 போட்டது. 2021ல் அந்தத் தளம் பழைய மதிப்பெண்கள் சிலவற்றை வெளிப்படையாகவே மறுபரிசீலனை செய்தது.

இதைப் பார்த்துவிட்டு, இன்று திட்டு வாங்கும் ஆல்பம் எல்லாம் நாளை கொண்டாடப்படும் என்று நம்பத் தொடங்கினால் அதுவும் பொறுக்கியெடுத்த கணக்குதான். ஜெட் குழுவின் 2006 இரண்டாவது ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் ஒரு வரிகூட எழுதாமல் ஒரு சிம்பன்ஸியின் காணொளியை மட்டும் போட்டு 0.0 கொடுத்தது. அந்த ஆல்பத்துக்காக இன்றுவரை யாரும் வழக்காட வரவில்லை.

புது ஆல்பத்தின் விமர்சனங்களைப் படிக்கும்போது

1. சராசரி எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது எத்தனை விமர்சனங்களின் சராசரி என்று பாருங்கள். பத்துக்குக் கீழ் என்றால் அந்த எண்ணின் கடைசி இலக்கத்துக்கு அர்த்தமில்லை.

2. விரிவைப் பாருங்கள். எல்லாரும் 70க்கும் 75க்கும் நடுவில் போட்டிருந்தால் சுவாரசியமில்லாத, குற்றமும் சொல்ல முடியாத ஆல்பம். 95ம் 45ம் கலந்து 72 வந்திருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

3. ஒரே பத்திரிகை முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் கொடுத்ததை மட்டும் ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒரே எழுத்தாளர் கொடுத்ததை. நடுவர்கள் மாறிய சிக்கல் அதில் குறையும்.

4. முதல் ஆல்பத்தின் பெயர் எத்தனை பத்தியில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் அது இரண்டாவது ஆல்பத்தின் விமர்சனம் அல்ல.

5. எந்தப் பாட்டுகள் குறிப்பிடப்படுகின்றன? சிங்கிள்களும் முதல் மூன்று பாட்டும் மட்டும் என்றால் கேட்டது அவ்வளவுதான். ஒன்பதாம் பாட்டில் டிரம்ஸ் எங்கே நுழைகிறது என்று சொல்பவரின் மூன்று நட்சத்திரத்துக்கு, பொதுவாகப் புகழ்பவரின் நாலைவிட மதிப்பு அதிகம்.

மதிப்பெண் இப்போது எதைத் தீர்மானிக்கிறது

விற்பனையை அவ்வளவாக இல்லை. ஸ்ட்ரீமிங் வந்தபின் கேட்டுப் பார்க்க யாரும் பணத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தாமே முடிவு செய்கிறார்கள். ஆல்பத்துக்கு முன்பே மூன்று நாலு சிங்கிள் வெளியாகிவிடுவதால் வெளியீட்டு நாளில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பழசு. என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழின் அச்சுப் பதிப்பு 2018 மார்ச்சில் நின்றது. பிட்ச்ஃபோர்க்கை 2024 ஜனவரியில் அதன் உரிமையாளர் ஜிக்யூ என்ற ஆண்களுக்கான பத்திரிகைக்குக் கீழ் கொண்டுவந்தார். எண்ணுக்கு இன்னும் மரியாதை இருப்பது இசை விழா ஏற்பாட்டாளர்களிடமும், நிகழ்ச்சி முகவர்களிடமும், விருப்புரிமையைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் லேபிளிடமும்தான். சுவரொட்டியில் குழுவின் பெயர் எந்த அளவு எழுத்தில் வரும் என்பதை அது இன்றும் நகர்த்துகிறது.

குழுவின் மேல் அது எப்படி விழுகிறது என்பது தனி. மாஸ்டரிங் (இறுதி ஒலிச் சீரமைப்பு) முடிந்து, வினைல் அச்சாகி, விளம்பரம் தொடங்கி விமர்சனம் வரும்போது ஆல்பம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கலாம். திருத்த எதுவும் மிச்சமில்லை. புகார் போய்ச் சேர்வது மூன்றாவது ஆல்பத்தில். இரண்டாவது ஆல்பத்தில் மாற்றமே இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்த த ஸ்ட்ரோக்ஸ், 2006 ஜனவரியில் வந்த மூன்றாவதுக்கு டேவிட் கான் என்ற வேறு தயாரிப்பாளரிடம் போனார்கள், ஒலியைப் பெரிதாக்கினார்கள், 14 பாட்டுகளோடு 52 நிமிடத்துக்கு நீட்டினார்கள். இந்தத் தடவை விமர்சகர்கள் சொன்ன குறை: ஆல்பம் ரொம்ப நீளம்.